பனியனுக்கு உண்டு டெஸ்ட், பாப்பாவின் மருந்துக்கு?



நம்ம ஊர் கம்பெனி ஒன்றில் கைக்குழந்தைக்கான பனியன் தயாராகி ஜெர்மனிக்குப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். அது கப்பல் ஏறுவதற்குள் எத்தனை டெஸ்ட்! குழந்தை பனியனைச் சப்பினால் எச்சிலில் சாயம் இறங்குமா என்று ஒரு டெஸ்ட். ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட். தடை செய்யப்பட்ட அமீன்கள் இருக்கின்றனவா என்று ஒரு டெஸ்ட். இந்த அமீன்களுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லி கிராம். ஒரு கிலோ அரிசியில் ஒன்றிரண்டு மணி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான்! அதைத் தாண்டினால் சரக்கு ரிஜெக்ட்.

நல்லது. குழந்தையின் தோலில் படும் துணிக்கு இவ்வளவு கவனம் தேவைதான். ஆனால் அதே வயதுக் குழந்தையின் வாய்க்குள் ஊற்றும் மருந்துக்கு? அதற்கு இதைவிடப் பல மடங்கு கவனம் இருக்கும் என்றுதானே நாம் எல்லோரும் நம்பிக் கொண்டிருக்கிறோம்? அந்த நம்பிக்கை உடைந்த கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானத்தையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிந்த்வாடாவில் நடந்தது

2025 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக இறக்க ஆரம்பித்தார்கள். முதலில் சாதாரணச் சளி, காய்ச்சல், இருமல். மருந்து கொடுத்த சில நாட்களில் வாந்தி. பிறகு சிறுநீர் நின்று போனது. நாக்பூர் ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். சிறுநீரகத்தில் ஊசி மூலம் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, இது கிருமியால் வந்த வியாதி மாதிரி தெரியவில்லை, ஏதோ விஷம் என்ற சந்தேகம் வலுத்தது.

விசாரித்ததில் பெரும்பாலான வீடுகளில் ஒரே இருமல் சிரப் கிடைத்தது. பெயர் கோல்ட்ரிஃப். தயாரான இடம் நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம்! தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் முதல் தேதி அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தது. அன்று ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. நாமெல்லாம் மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி சாப்பிட்டுக் கொண்டிருந்த விடுமுறை நாட்களில், சென்னை அரசு மருந்துப் பரிசோதனை ஆய்வகம் வேலை செய்தது. ஏறத்தாழ ஒரே நாளில் முடிவு வந்தது. அந்த பேட்ச் சிரப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் 48.6 சதவீதம்! அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம்தான். 486 மடங்கு!

ஆய்வில் அந்தத் தொழிற்சாலையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட குறைபாடுகள் பட்டியலிடப்பட்டன. உரிமம் ரத்தானது. ஆனால் அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள்.

யார் இந்த டி.இ.ஜி.?

டை எத்திலீன் கிளைகாலைச் சுருக்கமாக டி.இ.ஜி. என்பார்கள். டெக்ஸ்டைல் படிக்கும் நமக்கு இது ஒன்றும் அந்நியன் அல்ல. பாலியெஸ்டர் நூலின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலின் நெருங்கிய சொந்தக்காரன். பிரிண்டிங் பேஸ்ட்டும் இங்க்கும் சீக்கிரம் காய்ந்து போகாமல் ஈரத்தைப் பிடித்து வைக்க இது உதவும். பிரேக் ஆயிலிலும் சேர்ப்பார்கள். தொழிற்சாலையில் நல்ல வேலைக்காரன்.

பார்க்க எப்படி இருக்கும்? நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கொஞ்சம் பிசுபிசுப்பு. நாக்கில் பட்டால் இனிக்கும். இங்கேதான் ஆபத்து. சிரப் செய்யும்போது மருந்துப் பொடி தண்ணீரில் எளிதாகக் கரையாது. அதைக் கரைக்க ப்ரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் இவை பாதுகாப்பானவை. இவையும் நிறமில்லாதவை, பிசுபிசுப்பானவை, இனிப்பானவை. ஆக, பேரலைத் திறந்து எட்டிப் பார்த்து எது எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

தொழிற்சாலைத் தரச் சரக்கு விலை குறைவு. அதில் டி.இ.ஜி. கலந்திருக்கலாம், அல்லது பேரல் முழுக்க டி.இ.ஜி.யாகவே இருந்து லேபிள் மட்டும் வேறாக இருக்கலாம். சில ரூபாய் மிச்சம். ஒரு டெஸ்ட் செலவு மிச்சம். விலை கொடுப்பது யாரோ ஒரு தாய்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 48.6 சதவீதம் என்றால் 100 மில்லி சிரப்பில் 48.6 கிராம். 5 மில்லி ஸ்பூன் ஒன்றில் ஏறக்குறைய 2.4 கிராம். ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன், மூன்று நாள் என்றால் 22 கிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது, கிலோவுக்குச் சுமார் 2 மில்லி. கிலோவுக்கு 1 மில்லி அளவே உயிரைப் பறிக்கும் என்பது பழைய மதிப்பீடு. அதற்கும் குறைவான அளவில் இறந்தவர்களும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், டி.இ.ஜி. உள்ளே போன உடனே பெரிய ஆபத்து தெரியாது. நம் கல்லீரல்தான், பாவம், அதை வெளியேற்றுவதாக நினைத்துக் கொண்டு உடைக்கிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி முதலில் வேலை செய்கிறது. சாராயத்தை உடைப்பதும் இதே நொதிதான். இப்படிப் படிப்படியாக உடைந்து கடைசியில் டை கிளைகாலிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்கள் இந்த அமிலத்தை உள்ளே இழுத்துக் கொள்கின்றன. ஆனால் வெளியே தள்ள முடியாமல் செத்துப் போகின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநில ஆய்வாளர்கள் எலிகளிலும், ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் சிறுநீரகச் செல்களிலும் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இதை நிரூபித்தார்கள். பனாமா நாட்டில் 2006 இல் இதே விஷத்தால் பாதிக்கப்பட்டவர்களின் இரத்த, சிறுநீர் மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோதும் இந்த அமிலம் காணப்பட்டது. எண்பது வருஷமாக ஆளைக் கொன்ற விஷத்தின் உண்மையான கத்தி எது என்று தெரிந்ததே சமீபத்தில்தான்!

நோயின் போக்கை மூன்று கட்டமாகச் சொல்வார்கள். முதல் கட்டம் வாந்தி, வயிற்று வலி, மயக்கம். இது சாதாரண காய்ச்சல் மாதிரியே இருப்பதால் ஏமாந்து விடுவோம். ஓரிரு நாளில் இரண்டாம் கட்டம். சிறுநீர் குறையும் அல்லது நிற்கும், இரத்தத்தில் அமிலம் ஏறும். தப்பிப் பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து மூன்றாம் கட்டம். முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், நினைவு தப்புதல்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன செய்வார்கள்? கல்லீரல் நொதியைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. நொதியின் வாசலை அது அடைத்துக் கொண்டால் டி.இ.ஜி. உடையாது, விஷ அமிலம் உண்டாகாது. அந்த இடைவெளியில் டயாலிசிஸ் செய்து டி.இ.ஜி.யை வெளியேற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமிலம் உண்டாவதற்கு முன் கொடுத்தால்தான் முழுப் பலன். சிறுநீர் நின்ற பிறகு தூக்கிக் கொண்டு வந்தால் டாக்டர் கையில் டயாலிசிஸ்தான் மிச்சம். எவ்வளவு நவீன ஐ.சி.யு. இருந்தாலும் அது கடைசிக் கதவு. முதல் கதவு எது? பேரல் திறக்கும் இடம்!

சாயத்தில் பிறந்த மருந்து

இந்த விஷத்தின் முதல் பெரிய பலி 1937 இல் அமெரிக்காவில் நடந்தது. அந்தக் கதை நம் டையிங் பாடத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் சாயக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்த கெர்ஹார்ட் டோமாக் என்ற டாக்டர், ப்ரோன்டோசில் என்ற சிவப்பு அசோ சாயம் எலிகளை ஒரு கொடிய பாக்டீரியாத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதை 1932 இல் கண்டார். 1935 இல் வெளியிட்டார். 1939 இல் நோபல் பரிசு. ஆனால் அந்தச் சாயம் சோதனைக் குழாயில் பாக்டீரியாவைக் கொல்லவில்லை. உடம்புக்குள் போனால் மட்டும் கொன்றது. ஏன்? பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் விடை கண்டார்கள். அசோ சாயத்தின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோர்த்து நிற்கும். உடம்புக்குள் அந்தப் பிணைப்பு அறுந்து, சல்ஃபனிலமைடு என்ற நிறமற்ற துண்டு கிடைக்கிறது. அதுதான் மருந்து!

நண்பர்களே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அசோ பிணைப்பு அறுந்து அமீன் வருவதுதானே நம் பனியனில் பையர் பயப்படும் விஷயமும்? அதே வினைதான். ஒரு சாயம் உடைந்தால் உயிர் காக்கும் மருந்து. இன்னொரு சாயம் உடைந்தால் பென்சிடின் போன்ற, புற்றுநோய் தரும் அமீன். ஜெர்மனி 1994 இல் இதற்குத் தடை கொண்டு வந்தது. இந்திய அரசும் 1993 இல் பென்சிடின் சாயங்களையும், 1997 இல் 70 அசோ சாயங்களையும் தடை செய்தது.

சல்ஃபனிலமைடுக்கு வருவோம். அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதைத் திரவ மருந்தாக விற்க நினைத்தது. பொடி கரையவில்லை. டி.இ.ஜி.யில் நன்றாகக் கரைந்தது! ராஸ்பெரி வாசனை சேர்த்து, நிறம் சேர்த்து, ருசி பார்த்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ஷேடு பார்த்தார்கள், ஃபினிஷ் பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. 105 பேர் இறந்தார்கள். அதில் 34 பேர் குழந்தைகள். மறு வருஷமே, 1938 இல், விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது.

பாடம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? 1972-73 இல் நம் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள். 1986 இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்திருந்து 14 பேர். 1998 இல் டில்லி, குர்கான் பக்கம் 33 குழந்தைகள். 2019-20 இல் ஜம்முவின் ராம்நகரில் பன்னிரண்டு குழந்தைகள் அளவில். பனாமாவிலோ 46 பேரல் 'கிளிசரின்' சீனாவிலிருந்து புறப்பட்டு ஸ்பெயின் வழியாகப் போய்ச் சேர்ந்தது. வழியில் எத்தனையோ கைகள் மாறின, காகிதங்கள் மாறின. ஒருவர் கூட மூடியைத் திறந்து டெஸ்ட் பண்ணவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நாடு வேறு, வருஷம் வேறு. தவறு மட்டும் ஒன்றே. லேபிளை நம்பினார்கள்!

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டமே இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடும் உண்மை.

ஃபில்டர் பேப்பரில் பேனா மைப்புள்ளி வைத்து, அடியைத் தண்ணீரில் தொட்டு வைத்தால் நிறங்கள் பிரிந்து மேலேறுமே, பள்ளியில் பார்த்திருப்போம். அதே தத்துவத்தில் சிலிகா தடவிய தகட்டில் செய்வது மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி. டி.இ.ஜி. இருந்தால் அதற்குரிய உயரத்தில் புள்ளி விழும். பெரிய மிஷின் வேண்டாம். சிறிய கம்பெனியிலும் செய்யலாம்.

அளவைத் துல்லியமாகச் சொல்ல கேஸ் குரோமட்டோகிராஃபி, அதாவது ஜி.சி. வேண்டும். இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். தீபாவளி சமயத்தில் குமரன் ரோட்டில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் நடக்க விடுங்கள். கடைப்பக்கமே திரும்பாதவன் முதலில் மறுமுனைக்கு வருவான். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குபவன் கடைசியில் வருவான். ஜி.சி.யில் நீண்ட மெல்லிய குழாய்தான் ரோடு. உள்பூச்சுதான் கடைகள். சூடேற்றி ஆவியாக்கிய மாதிரியை வாயு தள்ளிக் கொண்டு போகும். 188 டிகிரியில் கொதிக்கும் ப்ரோப்பிலீன் கிளைகால் முன்னால் வந்து விடும். 245 டிகிரியில் கொதிக்கும் டி.இ.ஜி. பின்னால் வரும். மறுமுனையில் உள்ள கருவி, ஒவ்வொன்றும் எந்த நிமிஷத்தில் வந்தது, எவ்வளவு வந்தது என்று வரைந்து காட்டும். மலை மாதிரி ஒரு முகடு டி.இ.ஜி.யின் நேரத்தில் எழுந்தால் பேரலை ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். முதலில் தகடு, சந்தேகமானால் ஜி.சி. என்று இரண்டு படி முறையை உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பனியன் துணியில் தடை செய்யப்பட்ட அமீனைத் தேடுவதும் இதே ஜி.சி. குடும்பத்து மிஷினில்தான்! துணியில் உள்ள சாயத்தை, நாம் சாயம் உரிக்கப் பயன்படுத்தும் அதே ஹைட்ரோஸ் போட்டு, 70 டிகிரியில் உடைத்து, வரும் அமீனை மிஷினில் ஏற்றுவார்கள். ஒரு கிலோவில் 30 மில்லி கிராமைத் தேடிப் பிடிக்கும் இனத்து மிஷின், ஒரு சிரப்பில் பாதிக்குப் பாதி இருக்கும் விஷத்தைப் பிடிக்காதா? பிடிக்கும். அதன் முன்னால் மாதிரியைக் கொண்டு போய் வைக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

ஊருக்கு ஒரு நீதியா?

2022 இல் காம்பியா நாட்டில் ஏறக்குறைய 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதே வருஷக் கடைசியில் உஸ்பெகிஸ்தானிலும் பிரச்சினை. அதன் பிறகு நம் மத்திய அரசு, 2023 ஜூன் 1 முதல் இருமல் மருந்தை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட அரசு ஆய்வகத்தின் சான்றிதழ் கட்டாயம் என்று ஆக்கியது. நல்ல உத்தரவு.

ஆனால் சிந்த்வாடா குழந்தைகள் குடித்தது ஏற்றுமதிச் சரக்கு இல்லையே! உள்ளூர்ச் சரக்கு. உள்ளூருக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. மூலப்பொருளைத் தயாரிப்பாளரே டெஸ்ட் பண்ண வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்கும் கெடுபிடிதான் அப்போது இல்லை. மரணங்களுக்குப் பிறகுதான், 2025 அக்டோபரில், மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் டெஸ்ட் செய்வதை உறுதிப்படுத்தும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் எழுதினார்.

நம்ம ஊரில் இந்த வித்தியாசம் நமக்குப் பழகிப் போன ஒன்று. எக்ஸ்போர்ட் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம். லோக்கல் என்றால் "அட, ஓடும்ப்பா" என்போம். துணியில் அது ஒரு சலவையில் தெரிந்து விடும். மருந்தில்?

என் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பீஸில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட்டு விடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் பார்க்காமல் ஒரு பீஸைக் கூட 'ஓகே' பண்டலில் வைக்க மாட்டார். செக்கிங் என்றால் என்ன என்று நான் கற்றது முதலில் அவரிடம்தான். அந்தச் சிரப் தொழிற்சாலையில் பேரலுக்கு முன்னால் அப்படி ஒரு செக்கிங் ஆள் இருந்திருந்தால் போதுமே என்று நினைக்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில். நம்மில் பலருடைய வீட்டில் பாட்டிலின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். அதனால் இது நம் கடமை.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது. ஐந்து வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கி விடும். தாய்ப்பால், வெதுவெதுப்பான நீர், கஞ்சி, ஓய்வு போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக் கூடிய ஒரு கிருமியின் விதை கைக்குழந்தைக்கு ஆபத்து. மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டர்.

டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் "இருமலுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். வாங்கிய பாட்டிலில் பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயர், காலாவதித் தேதி பார்க்க வேண்டும். மருந்து முடிந்தாலும் சில நாள் பாட்டிலை வைத்திருங்கள். எந்த மருந்து குடித்த பிறகும் குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தால் அரை நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டருக்கு அந்தப் பாட்டில் ஒரு சாட்சி.

அடுத்து வேலையில். டிப்ளமோ முடித்து நாம் போகும் இடம் எது? சாயப்பட்டறை லேப், டெஸ்டிங் லேப், கெமிக்கல் கம்பெனி, சிலர் மருந்துக் கம்பெனி. லேப் டிப் போடுபவர், டிரம் வந்தால் கையெழுத்துப் போட்டு இறக்குபவர், ரிப்போர்ட்டில் எண் எழுதுபவர் எல்லாம் நாமாகத்தான் இருப்போம். ஒரு நாள் மேலே இருந்து ஒரு குரல் வரும். "தம்பி, லோடு வெயிட்டிங். போன தடவை எண்ணையே போட்டு அனுப்பு." அன்று நமக்கு வயது இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். வீட்டில் கடன் இருக்கும். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். பயம் நியாயமானதே. ஆனால் செய்யாத டெஸ்டுக்கு எண் எழுதுவது, பாராத பேரலுக்கு லேபிள் ஒட்டுவதுதான். இந்த மரணங்களில் பலவும் அப்படிப்பட்ட ஒரு காகிதத்தில்தான் ஆரம்பித்தன.

புத்தகத்தில் படித்த குரோமட்டோகிராஃபி பரீட்சைக்குப் பத்து மார்க். வெளியே அது ஒரு குழந்தையின் சிறுநீரகம். மாதிரி எடுக்காமல் எண் எழுத மாட்டோம். பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். பட்டயத்தை வாங்கும் கையால் இந்த ஒரு பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக் கொண்டு போவோம், நண்பர்களே!